விளக்குப்பொறிப் பதிவேடு

இளவரசி வருகிறார் என்று
மன்னார்குடியிலிருந்து ஷாமியானா வந்தது,
நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு வாழைமரம்,
தாசில்தார் ஆபீஸ் ஜமுக்காளம்.
பாமணியாற்றுக் கரையிலிருந்து எங்கள் பண்ணைக்கு
முதல் முறையாகத் தார் போட்டார்கள்,
வாசல் வரைக்கும் மட்டும்.

வந்தவர் கேட்டது கரண்ட்.
எண்பது நாள், ஆறு மணியிலிருந்து பத்து வரை
விளக்குப்பொறி அணையக் கூடாது.
அணைந்தது. மூன்றாம் நாளே அணைந்தது.
எளிமையானவர் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள்;
ஈ.பி. ஆபீசுக்கு அவர் போட்ட போனை
பக்கத்திலிருந்து கேட்டவள் நான்.

பெயர் பிம்ரதா. அதற்கு முன்னால்
ஒரு முழ நீளத்துக்குப் பட்டங்கள்.
பதிவேட்டில் கட்டம் சிறியது என்று
'பி' மட்டும் எழுதுவார்.
அதற்குக் கீழே 'தை'. தையல்நாயகி.

புகையான் இலையில் உட்காராது.
தூரின் அடியில், தண்ணீருக்கு நாலு விரல் மேலே
ஒளிந்து சாறு குடிக்கும்.
மேலே பச்சையாய்ச் சிரிக்கிற வயல்
ஒரு வாரத்தில் வட்டம் வட்டமாய்த் தீய்ந்து கிடக்கும்,
இரவில் யாரோ வந்து
கொதிக்கிற அண்டாக்களை இறக்கி வைத்த மாதிரி.
தூரை விலக்கி, தட்டி, முழங்கால் சேற்றில் புதைய
முகத்தைத் தண்ணீர்வரை கொண்டுபோக வேண்டும்.
அவர் ஊரில் அவர் முன்னால்
ஆட்கள் தவழ்ந்து வருவார்களாம்.
"இது அதைவிட நல்ல காரணம்" என்றார்,
மூக்கு நுனியில் சேறு.

என் எட்டாம் வகுப்பு இங்கிலீஷுக்கு
அவர் வாழ்க்கை துண்டு துண்டாகத்தான் கிடைத்தது.
ஒன்பது வயதில், அரண்மனைத் தோட்டத்துத் தும்பிக்கு
இறக்கை அளந்து வாங்கிய திட்டு.
இரண்டு முறை பேசிய கல்யாணம்,
இரண்டு முறையும் அறுவடை நேரம் என்று தள்ளி
பிறகு யாரும் பேசவில்லை.
முப்பத்தொரு வருஷம் ஒரே பூச்சி.

எங்கள் அதிகாரிகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை
பலன் என்ன என்று கேட்டுக் கடிதம் வரும்.
உங்களை யார் கேட்பார்கள் என்றேன்.
பதில் சொல்லாமல் லென்ஸைத் துடைத்தார்,
நெடுநேரம் துடைத்தார்.

மறுநாள் கண்ணாடித் தட்டில் இரண்டைக் காட்டினார்.
இரண்டும் புகையான்தான்.
ஒன்றுக்குச் சிறகு பாதி முதுகு.
இன்னொன்றுக்கு வயிற்றைத் தாண்டி.
பயிர் கொழுத்த இடத்தில் பிறந்தால் குட்டைச் சிறகு, பறக்காது.
கூட்டம் நெருக்கி, பயிர் வற்றினால்
அடுத்துப் பிறப்பதற்குச் சிறகு நீளும்.
குட்டையைத் தொட்டு "நான்" என்றார்.
நீளத்தின் மேல் ஊசியை வைத்தபடி
என்னைப் பார்த்தார்.
தினக்கூலி நூற்று நாற்பது.
வற்றித்தான் இருந்தது, சிறகைத்தான் காணோம்.

தமிழில் எண்ணக் கற்றுக்கொண்டார்.
ஏழு மட்டும் வராது.
'ஏலு' என்றதற்கு நடவுப் பெண்கள் சிரித்ததிலிருந்து
அந்த இடம் வந்தால் வாயை மூடி
விரலை உயர்த்துவார்.
பதினேழுக்கும் விரல். இருபத்தேழுக்கும்.
எழுபதுகளில் நுழைந்தால்
பத்து எண்ணுக்கும் மௌனம்தான்.

அவர் கொண்டுவந்த நெல்
இரண்டு சம்பா தாங்கியது.
மூன்றாவதில் வட்டங்கள் திரும்ப வந்தன.
கடிதம் எழுதினார், நாலே வரி.
தோற்றது நெல், கணக்கு இல்லை,
நீ எண்ணுவதை நிறுத்தாதே.
கூடவே ஓர் ஆய்விதழ்.
கடைசிப் பக்கத்து நன்றியில்
'தாய்-நாயகி' என்று என் பெயரை உடைத்திருந்தது.
அச்சடித்தவன் என்னையும்
அவர் ஊர்க்காரி என்று நினைத்திருப்பான்.

சென்ற மார்கழியில் இறந்துவிட்டார்.
அந்தப் பேப்பரில் வரவில்லை,
சாருக்கு ஈமெயிலில் வந்தது.
ஷாமியானாக்காரர்
பாக்கி வாடகையை இன்னும் கேட்கிறார்.

இன்று வாடை. கரண்ட் இருக்கிறது.
பொறியில் குட்டைச் சிறகு விழுவதில்லை,
பறக்காதது எப்படி வரும்.
வெள்ளைத் தட்டில் கொட்டி, ஊசியால் ஒதுக்கி
பதினாறு வரை சத்தமாக எண்ணினேன்.
பிறகு விரல்.